வாசலுக்கு மேல் இருந்த தாமரை

"மேஸ்திரி, என் வீட்டு முகப்புல இருக்கிறதைக் கொத்தி எடுத்துடு."

ஜப்பான்காரன் காலம். மலாக்காவின் காஜா பெராங் தெருவில் அரிசிக்காகக் காலையிலிருந்து வரிசையில் நின்றுகொண்டிருந்தோம். பேசியவர் எனக்கு முன்னால் நின்ற துணிக்கடைக்காரர்; எங்களுக்கெல்லாம் தவுக்கே, அதாவது முதலாளி. அவருக்கு முன்னால் நின்றவர் அவர் வீட்டைக் கட்டிய மேஸ்திரி.

"என்ன தவுக்கே, பசியில புத்தி கலங்கிடுச்சா? ஜப்பான் சண்டைக்கு முன்ன, புதுப் பாணின்னு சொல்லி மொட்டைச் சுவரு கேட்டீங்க. பெட்டி மாதிரி இருக்கே, மனுஷன் வாழுற எடம்னு தெரிய வேணாமான்னு நான்தான் மல்லுக்கட்டி வாசலுக்கு மேல தாமரை வெச்சேன்."

"அதான் இப்ப வினை. தெங்கேரா தெருவுல ஜப்பான் பட்டாளத்துக்காரன் அழகான வீடாப் பாத்துப் பாத்து நுழையறான். நேத்து ஒருத்தன் என் வாசல்ல நின்னு அந்தத் தாமரையைக் கை நீட்டிக் காட்டினான்."

எவன் வீட்டில் எவன் தூங்குவது என்று ஒரு விரல் முடிவு செய்த காலம் அது.

"தாமரையை எடுத்துட்டா அது வீடே இல்ல தவுக்கே. வெறும் கிடங்கு."

"கிடங்குன்னு நெனச்சுப் போகட்டும்னுதான் கேக்கறேன். உள்ள ரெண்டு பொம்பளப் புள்ளைங்க இருக்கு, மேஸ்திரி."

மேஸ்திரி முன்னால் பார்த்தார். அவர் முறை வர நாலே பேர்தான் மிச்சம்.

"நாளைக்கு வர்றியா?" என்றார் கடைக்காரர்.

"நாளைக்கு எதுக்கு? உளி வீட்டுலதான் இருக்கு. வாங்க."

இருவரும் வெறும் பையோடு வரிசையை விட்டுப் போனார்கள். அவர்கள் திரும்பி வருவதற்குள் அரிசி தீர்ந்துவிடும். எனக்கு அது தெரியும். நான் இரண்டு இடம் முன்னால் நகர்ந்தேன்.