பத்துப் பாட்டிலுக்கு ஒரு மாதிரி

ஒரு பாட்டில் ரத்தம் முன்னூறு ரூபாய். நெகட்டிவ் குரூப் என்றால் நானூறு. கூடுதல் விலை என்று உங்களுக்குத் தோன்றலாம், இன்ஸ்பெக்டர் அய்யா. கொடுக்கிற ஆளுக்குப் பணம், டீ, பன், ஐஸ், கரண்டு, ஆஸ்பத்திரிக் கம்பவுண்டருக்கு ஒரு பங்கு எல்லாம் போக இந்த சண்முகராஜுக்கு நிற்பது கொஞ்சம்தான்.

என் அப்பாவுக்குப் போடியில் ஏலக்காய்க் கடை. பத்து மூட்டை வந்தால் பத்திலும் ஒரு பிடி எடுத்து, ஒன்றாகக் கலந்து, அந்த மாதிரியைப் பார்த்துத்தான் விலை பேசுவார். மூட்டை மூட்டையாகக் கொட்டிப் பார்ப்பவன் வியாபாரி இல்லை, சந்தேகப் பிராணி. தேனியில் ரத்த வங்கி வைத்தபோதும் நான் அந்தப் பழக்கத்தை விடவில்லை. எய்ட்ஸ் சோதனை என்று ஒன்று வந்தது. அதற்கு ஆகிற செலவு பாட்டிலின் லாபத்தைத் தின்றுவிடும். அதனால் பத்துப் பாட்டிலிலிருந்தும் சில சொட்டு எடுத்து, ஒரே குழாயில் கலந்து மதுரைக்கு அனுப்பினேன்.

எண்பத்தேழு ஐப்பசியில் ஒரு குழாய்க்குக் கெட்ட முடிவு வந்தது. எங்கள் டாக்டர் கஸ்தூரியம்மாள் அதைப் படித்துவிட்டு நேராக என்னிடம் வந்தார்.

"பத்தையும் கொட்டிருங்க அண்ணாச்சி."

"ஒண்ணுதானம்மா சொத்தையா இருக்கும். மத்த ஒம்போதும் என்ன பாவம் பண்ணுச்சு?"

"எதுன்னு தெரியாதுல்ல?"

அப்போதுதான் இந்தக் கிருமி எப்படித் தொழில் செய்கிறது என்று விளக்கினார்.

"தனியா இதால ஒண்ணும் பண்ண முடியாது. வெள்ளை அணுவுல ஒரு வகை மேல பூட்டு மாதிரி ஒண்ணு இருக்கு. அதைப் புடிச்சுக்கிட்டு உள்ள போயிரும். கொண்டாறது ஆர்.என்.ஏ.ங்கிற துண்டுச் சீட்டு. அதை டி.என்.ஏ.வாத் திருப்பி எழுத ஒரு எழுத்தரையும் கூடவே கூட்டியாருது. எழுதுனதை நம்ம அணுவோட மூலப்பத்திரத்துக்கு நடுவுல செருகிரும். அப்புறம் அணுவே தன்னோடதுன்னு நெனச்சு நகல் எடுத்துக் குடுத்துக்கிட்டே இருக்கும்."

"வீட்டுக்காரனுக்குத் தெரியாதாக்கும்?"

"தெரியாது. பல வருசம் நல்லாத்தான் நடமாடுவாக."

சொந்த முதல் இல்லை, சொந்த இடம் இல்லை, கூலி இல்லை. அடுத்தவன் பட்டறையில் தன் சரக்கு. மனதாரப் பாராட்டினேன். ஆனாலும் 'பல வருசம்' என்றதுதான் என் மனதில் நின்றது. பல வருசம் கழித்து வரும் புகாருக்கு எந்தக் கடைக்காரன் பொறுப்பேற்கிறான்?

கொட்டிவிட்டேன் என்று டாக்டரிடம் சொன்னேன். அந்த வாரமே ஒன்பது பாட்டில் விலைபோனது. ஒவ்வொன்றிலும் 'மதுரையில் சோதிக்கப்பட்டது' என்று சீட்டு ஒட்டினேன். அதில் பொய் இல்லை. முடிவை எழுதச் சீட்டில் இடம் இல்லை. தனித்தனியாகச் சோதித்திருக்கலாமே என்பீர்கள். சோதித்தால் எது சொத்தை என்று தெரிந்துவிடும்; தெரிந்த பிறகு அதை விற்க எனக்கு மனசு வராது. நான் அப்படிப்பட்டவன் இல்லை.

மிச்சம் நின்றது ஒரு ஓ நெகட்டிவ். சின்னமனூர் வாழைக்காய் வியாபாரி தங்கபாண்டி ஓடி வந்தார். எதிர் ஆஸ்பத்திரியில் அவர் மனைவி ஞானசெல்விக்குப் பிரசவமாகி ரத்தம் நிற்கவில்லை. அந்த அவசரத்திலும் சீட்டைப் படித்தார்.

"நல்ல ரத்தம்தானே அண்ணாச்சி?"

"சோதிச்சதுதான் தம்பி."

"இதே குரூப்பு ஆளு யாராச்சும் இருந்தா இப்பவே எடுத்துக்கலாம்னு நர்சம்மா சொன்னாக. இங்கன யாரும் இருக்காகளா? காலுல விழுறேன்."

"எனக்குத் தெரிஞ்சு யாரும் இல்லையேப்பா."

ஞானசெல்வி பிழைத்தாள். பிள்ளைக்குப் பாலும் கொடுத்தாள். ஒன்றரை வயதில் பிள்ளை இளைத்துக்கொண்டே போக, மதுரையில் இருவரையும் சோதித்திருக்கிறார்கள். அதனால்தான் நீங்களும் நானும் இங்கே உட்கார்ந்திருக்கிறோம். மற்ற ஒன்பதும் நல்ல சரக்கு என்பது இதனால் உறுதியாகிறது, அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

என் குரூப்பும் ஓ நெகட்டிவ்தான். தெருவைக் கடந்து போய்க் கையை நீட்டியிருக்கலாம். ஆனால் பழைய சரக்கு கையில் இருக்கும்போது எந்தக் கடைக்காரனும் புதுச் சரக்கை எடுத்துக் கொடுக்கமாட்டான்.

எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். என்னை ஈரமில்லாதவன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். நானூறில் தங்கபாண்டி அன்று கொடுத்தது முன்னூற்று எழுபது. பாக்கி முப்பதை நான் இன்றுவரை கேட்கவில்லை.