பெஞ்சு வந்துடுச்சு, ஆனா...

ஹலோ... ஆங், சொல்லுக்கா... வந்துடுச்சு, வந்துடுச்சு! நீ அப்பாவுக்கு வாங்கி அனுப்புன தேக்கு பெஞ்சு பத்திரமா வந்துடுச்சு... ஐயோ, படத்துல பாத்ததை விட அழகு! வெள்ளைக்காரங்க காலத்து பங்களாத் தோட்டத்துல இருக்குமே, அச்சு அசல் அதேதான். கைப்பிடி ரெண்டும் சுருண்டு, முதுகு லேசா வளைஞ்சு... ஆமா, ஆமா... கனமா? நாலு பேர் தூக்கியும் நாக்கு தள்ளிடுச்சு.

எங்கயா?... ம்... தோட்டத்துலதான் இருக்கு. ஆனா நம்ம தோட்டத்துல இல்ல.

கத்தாதக்கா, காது போகுது! முழுசா கேளு. நம்ம சைடு சந்துல நுழையல. நேரா விட்டா கால் இடிக்குது, சாய்ச்சா முதுகு இடிக்குது. அப்பா வேற வாசல்ல நின்னுக்கிட்டு, "ஒண்டி ஆளுக்கு எதுக்கு மூணு பேர் உக்கார்ற பெஞ்சு? திருப்பி அனுப்பு"ன்னு... ஆமா, அம்மா போனதுலேருந்து எதைக் குடுத்தாலும் அதே பாட்டுதானே... எனக்கும் சுருக்குன்னுதான் இருந்துச்சு.

அப்பப் பாத்து பக்கத்து வீட்டு கேட் திறந்துச்சு... அவரேதான்! ரேடியோ மாமா!... அட, சத்தியமா! விடியக்காலைல ரேடியோவை அலற விடுறாருன்னு சண்டை போட்டதுலேருந்து அப்பா அவர் மூஞ்சியைக்கூடப் பாக்கறதில்ல. அந்த மனுஷன் வந்து, "எங்க பக்கமா கொண்டாங்க, மதில் மேல தூக்கி இறக்கிடலாம்"ங்கிறாரு.

இரு, சொல்றேன்ல... தூக்குனவங்க மூச்சு வாங்க அவர் தோட்டத்துலயே இறக்கி வெச்சாங்க. கால் ஆடுதான்னு பாக்கப் போன அப்பா, அப்படியே உக்காந்துட்டாரு. மாமா தயங்கித் தயங்கி அந்தக் கோடியில உக்காந்தாரு... மெதுவா கைப்பிடியைத் தடவிட்டு, "நல்ல தேக்கு"ன்னாரு. அப்பா சொல்றாரு, "என் பெரிய பொண்ணு அனுப்புனது"ன்னு... ஆமாக்கா, அவ்வளவு பெருமையா!

அப்புறம் எங்க எழுந்திருச்சாங்க! தூக்க வந்தவங்க நின்னு நின்னு பாத்துட்டு, "நாளைக்கு வரோங்க"ன்னு கிளம்பிட்டாங்க.

நானா? நான் போய் எழுப்பவா? நல்லா இருக்கே! வேணும்னா நீ வந்து எழுப்பு... இரு, இரு, ஃபோனை ஜன்னல்கிட்ட வைக்கிறேன்...

கேட்டுச்சா?... அப்பாவேதான். வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சிரிக்கிறாரு...

ஏய், அழறியா? லூசு... நான் ஒண்ணும் அழல, சளி...

இதோ வரேம்ப்பா!... கூப்பிடுறாங்க, வைக்கிறேன்க்கா. ரெண்டு பேரும் நகர்ந்து, நடுவுல எனக்கு இடம் விட்டிருக்காங்க.