சுவரில் முளைத்த தக்காளி

ராயக்கோட்டையிலிருந்து ஓசூர் போகும் காலை பஸ்ஸில் பாதித் தூக்கத்தில் இருந்தேன். முன் சீட்டில் ஓர் அக்காவும் தம்பியும்.

“புது ரூம் சுவத்துல தக்காளி மொளச்சிருக்குக்கா.”

என் தூக்கம் போய்விட்டது.

“சுவத்துலயா?”

“பழைய வீட்டை ஒட்டி மண்ணுலயே கட்டுறோமில்ல. இன்ஜினியர் அடிமண்ணு கேட்டாரு. நான் மேல்மண்ணை அள்ளிட்டேன்.”

“எங்கருந்து?”

“அப்பா சாகறதுக்கு முன்னால, விலையில்லைன்னு தக்காளியைப் பறிக்காமயே உழுதுவிட்டாரே, அந்த வயல்லதான்.”

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“நாளைக்குச் சுண்ணாம்பு பூசணும், புடுங்கிடுன்னாரு இன்ஜினியர்.”

“புடுங்கிட்டியா?”

“இல்லக்கா. அந்த ரூமுக்குப் போட்ட கண்ணாடிக் கூரை மேல கெடந்த தார்ப்பாயை எடுத்துவிட்டு வந்தேன், வெயில் படட்டும்னு.”

ஓசூர் வந்தது. இறங்கும்போது அக்கா சொன்னாள்:

“தண்ணி ஊத்தாதடா, சுவர் கரைஞ்சிடும். கையால தெளிச்சு விடு.”