கடைசியாக வருபவருக்கும் சோறு

மாலை ஷிஃப்ட் கூட்டத்தோடு கும்மிடிப்பூண்டியில் ரயில் ஏறினேன். மகளிர் பெட்டியில் எனக்கு எதிரே தொழிற்சாலைச் சீருடையில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

“அந்தச் சின்ன ரேஸ் நடத்துறவருக்கு போன் போட்டு, கடைசியா வந்தா சோறு இருக்குமான்னு கேட்டேன்க்கா,” என்றாள் இளையவள்.

மூத்தவள் சிரித்தாள். “நீச்சல், சைக்கிள், ஓட்டம், மூணும் ஒரே நாள்ல. உனக்கு சோறுதான் கவலையா? பேசாம அந்தப் பெரிய கம்பெனி ரேஸுக்கே போ. மெடலு, போட்டோ, கை தட்ட கூட்டம், எல்லாம் இருக்கும். மொத தடவ போற, நாலு பேருக்குத் தெரிய வேணாவா?”

“நான் மெதுவாதான்க்கா ஓடுவேன். அங்க டைம் தாண்டுனா பாதியிலயே நிறுத்தி வண்டியில ஏத்திடுவாங்க. ஒரு வருசமா வேல முடிச்சுக்கினு ஓடுறேன். வண்டியில திரும்பி வர்றதுக்கா?”

“சின்ன ரேஸ்ல மட்டும் உட்ருவாங்களா?”

“டைம் தாண்டுனா ரிசல்ட்ல பேரு வராதாம். ஆனா ஓட்டத்த முடிக்க உடுவாங்களாம்.”

“சோத்துக்கு இன்னா சொன்னாரு?”

“‘கடைசி ஆளு வந்தப்புறம்தாம்மா நாங்களே எலையில உக்காருவோம்’னாரு.”

ரயில் கவரைப்பேட்டையைத் தாண்டியது.

“கல்யாண ஊட்டுக்காரங்க மாதிரி,” என்றாள் மூத்தவள். “பேரு குடுத்துரு. கை தட்ட நான் வரேன். எனக்கும் ஒரு எலை போடச் சொல்லு.”