கோல்கீப்பரின் வலது ஓரம்

ஜன்னல் திரையைக் கொஞ்சம் இழுத்துவிடுகிறீர்களா? எனக்காக இல்லை. உங்கள் முன்னால் இருக்கும் அந்த அட்டைமேல் வெயில் நேராக விழுகிறது. உறைக்குள் இருந்தாலும் பச்சை நிறம் வெளுத்துப்போகும். நன்றி.

நீங்கள் விசாரணைக்காக வெளியிலிருந்து வந்தவர், எங்கள் தொழில் உங்களுக்குப் புதிது என்றீர்கள். தொழிலைச் சொல்லிவிட்டால் மற்றது எளிது. எங்களிடம் பழைய விளையாட்டு அட்டைகள் வரும். ஒரு காலத்தில் மிட்டாய்ப் பொட்டலத்தோடு இலவசமாகக் கொடுத்தவை. பிள்ளைகள் சட்டைப்பையில் திணித்து, தரையில் சுண்டி விளையாடி, கடைசியில் தொலைத்தவை. தப்பிப் பிழைத்தது கொஞ்சம்தான். அதை விளக்கடியில் வைத்து, மூலைகள், ஓரங்கள், மேல்பரப்பு, படம் நடுவில் அமைந்திருக்கிறதா என்றெல்லாம் பார்த்து, ஒன்றிலிருந்து பத்துக்குள் ஓர் எண் கொடுத்து, உடைத்தாலொழியத் திறக்க முடியாத பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்து அனுப்புவோம். அதன்பிறகு யாரும் அட்டையைப் பார்ப்பதில்லை. எண்ணைத்தான் பார்க்கிறார்கள். ஒரே அட்டைதான். ஆறு என்றால் ஒரு சைக்கிள் வாங்கலாம், எட்டு என்றால் கார், ஒன்பது என்றால் வீடே வாங்கலாம். எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் இருப்பது மூலையில் ஊசிமுனையளவு ஒரு வெளுப்பு. அதைப் பார்க்கிற கண் எனக்கு இருந்தது.

எண்ணே கிடைக்காத அட்டையும் உண்டு. தேய்ந்த ஓரத்தைக் கூராக்க யாராவது கத்தி வைத்துச் சீவியிருந்தால், 'வெட்டப்பட்டது' என்று எழுதித் திருப்பிவிடுவோம். குறைந்த எண் வந்தால் அது அட்டையின் குறை. இது ஆளின் குறை. வைத்திருந்தவர் ஏமாற்றுக்காரர் என்று அர்த்தம்.

இந்த அட்டை என் அத்தானுடையது. அக்காவின் கணவர். அப்பா அம்மா போன பிறகு நான் அக்கா வீட்டில்தான் இருந்தேன், மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து அறையில். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அத்தான் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. நான் சாப்பிட உட்கார்ந்தால், "ஜட்ஜய்யா வந்தாச்சு. இன்னிக்குச் சமையலுக்கு எத்தனை மார்க்னு கேளு" என்று அக்காவைச் சீண்டுவார்.

அட்டை அவருடைய அப்பா சிறுவயதில் வைத்திருந்தது. பச்சைச் சட்டை போட்ட கோல்கீப்பர் பந்தை நோக்கிப் பாய்கிறார். ஒரு தடித்த அகராதிக்குள் கிடந்ததால் வெயிலும் விரலும் படாமல் பிழைத்திருந்தது. அத்தான் தற்செயலாகக் கண்டெடுத்து என்னிடம் கொடுத்தார். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். "எட்டு வரும் அத்தான்" என்றேன். "எட்டுன்னா?" என்றார். சொன்னேன். அக்கா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

அதன்பிறகு வீட்டில் வேறு பேச்சில்லை. மருமகன், அக்காவின் ஒரே பையன், படங்களுக்குச் சட்டம் போடும் கடையில் சம்பளத்துக்கு இருந்தான். கடலோர ஊர் ஒன்றில் சொந்தக் கடை போடவேண்டும் என்பது அவன் ஆசை. அட்டையை விற்று, வீட்டையும் காலி செய்து, மூன்று பேரும் அங்கே போவது என்று முடிவானது.

மூன்று பேர். மாடிப்படியில் இறங்கும்போது காதில் விழுந்தது. "உன் தம்பிய என்ன பண்றது? அவனையும் கூட்டிட்டுப் போயிடலாமே" என்று அத்தான் கேட்டார். "அவனுக்கென்ன, ஒண்டிக்கட்டை. எங்கயாவது ஒரு ரூம் பாத்துக்குவான். எத்தனை நாளைக்குத்தான் நான் சுமக்கிறது?" என்றாள் அக்கா. அலுப்பில் சொன்னது. பேச்சுவாக்கில் எல்லோரும் சொல்வதுதான். எனக்கு அவள்மேல் கோபமே வரவில்லை. இதைக் குறித்துக்கொண்டால் நல்லது.

நானே அட்டையை அலுவலகத்துக்கு எடுத்துப் போகிறேன் என்றதற்கு அத்தான் ஒத்துக்கொள்ளவில்லை. "வேணாம்ப்பா. ஊரோட ஊரா கவுன்ட்டர்ல குடுப்போம். நாளைக்கு ஒருத்தன் நாக்குமேல பல்லைப் போட்டுப் பேசிடக் கூடாது" என்றார். மருமகன்தான் அழகாகப் பொதிந்து கொண்டுவந்து கொடுத்தான். எங்கள் மேஜைக்கு வரும்போது அட்டையில் பெயர் இருக்காது. ஆனால் எனக்குப் பெயர் தேவையில்லை. சொந்தக்காரர் பொருள் என்று தெரிந்தால் கை வைக்காமல் மேலாளரிடம் சொல்ல வேண்டும் என்பது விதி. நான் சொல்லவில்லை.

அடுத்த மேஜையில் ஒரு பெண் இருந்தாள், வேலைக்குப் புதிது. முதல் பார்வை அவளுடையது, முடிவு என்னுடையது. எட்டரை என்று குறித்து அனுப்பியிருந்தாள். அவள் சொன்னதுதான் சரி. நான் வீட்டில் அரை குறைத்துச் சொல்லியிருந்தேன்.

ஆறு போட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆறு வந்தால் யாரும் எங்கும் போகமாட்டார்கள். அவரவர் இருந்த இடத்தில் இருப்போம். யாருக்கும் நஷ்டமில்லை என்றுகூடத் தோன்றியது. ஆனால் எட்டரைக்கும் ஆறுக்கும் அவ்வளவு வித்தியாசம் வந்தால் மூன்றாவது ஆளிடம் போகும். காரணம் கேட்பார்கள். எனக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது.

அட்டை 'வெட்டப்பட்டது' என்ற முடிவோடு திரும்பியது. வலது ஓரம்.

அந்தப் பெண் என் மேஜைக்கு வந்தாள். "சார், நான் பாத்தப்போ ஓரம் நல்லாத்தான் சார் இருந்துச்சு."

"ஆரம்பத்துல எல்லாருக்கும் அப்படித்தாம்மா தெரியும். கண்ணு பழகணும்" என்றேன். கனிவாகத்தான் சொன்னேன். லென்ஸை நானே பிடித்துக் காட்டினேன். வெட்டு பளிச்சென்று தெரிந்தது. அவள் முகம் செத்துப்போயிற்று. அதற்குப் பிறகு சாதாரண அட்டைக்கும் என்னிடம் ஓடிவந்து கேட்க ஆரம்பித்தாள். கொஞ்ச நாளில் வேலையை விட்டுவிட்டாள். என் கண்ணை என்னாலயே நம்ப முடியலை சார் என்று சொல்லிவிட்டுப் போனாள். என்னிடம்தான் சொன்னாள்.

வீட்டில் கொஞ்சம் வருத்தப்பட்டு மறந்துவிடுவார்கள் என்று எதிர்பார்த்தேன். ஆனால் அத்தான் அட்டையை முன்னதாகவே சேகரிப்பாளர் சங்கத்தில் காட்டியிருந்தார். இப்போது அங்கே ஒருவர், "சீவிட்டு எங்ககிட்டயே கொண்டாந்து காட்டுனீங்களா?" என்று சிரித்துவிட்டார். கடன்காரன்கூட வாசலில் நின்றறியாத மனிதர் அவர். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் மருமகனைக் கூப்பிட்டார்.

"நீதானே பேக் பண்ணுன? உங்க கடையில கத்தி இருக்கு, மெஷின் இருக்கு. ஓரத்த நேராக்குறேன்னு ஒரு சீவு சீவிட்டியா?"

"நான் எதுக்குப்பா சீவப்போறேன்? எட்டு வரும்னு மாமாதான் சொல்லிட்டாரே."

"எட்டு பத்தாம ஒன்பதுக்கு ஆசப்பட்டிருப்ப."

பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு. வெட்டு பழசா, புதுசா? எங்கப்பா சின்னப் பிள்ளையில வெட்டியிருந்தா இந்தப் பேச்சை இதோட விட்டுடறேன்."

பழசு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எல்லாம் அங்கேயே அடங்கியிருக்கும். ஆனால் செத்துப்போன ஒரு மனிதர்மேல் பழி போட எனக்கு மனம் வரவில்லை. அப்படித்தான் அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"புதுசு அத்தான்" என்றேன். "அன்னிக்கு நான் வீட்டுல பாத்தப்போ முழுசா இருந்துச்சு."

இரண்டும் உண்மை. அந்த நேரத்திலும், தொழிலில் நான் பொய் சொல்லவில்லை என்று ஒரு சின்ன நிம்மதி வந்தது. சொல்லவே நாக்கூசுகிறது, ஆனால் வந்தது.

"மாமா, என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க மாமா" என்றான் மருமகன். நான் அட்டையைப் பார்த்தேன். "அட்டை சொல்றதத்தான்டா நான் சொல்ல முடியும்" என்றேன். சின்ன வயதில் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு சுற்றியவன் நான்.

அத்தான் அவனை அறைந்தார். அதுவரை கை நீட்டியதே இல்லை. அவன் போட்ட சட்டையோடு போய்விட்டான். அக்கா வாசல்வரை ஓடி, திரும்பி வந்து, அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டால் வரட்டும் என்றாள். செய்யாததற்கு அவன் மன்னிப்புக் கேட்கவில்லை.

அடுத்த வருடம் அத்தானுக்கு ஒரு பக்கம் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்கு மருமகன் வந்தான். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். பேச்சு வராத அவரால் அதுதான் செய்ய முடிந்தது. நான் கட்டில் ஓரத்தில் ஃபிளாஸ்க்கோடு நின்றுகொண்டிருந்தேன். அவர் போன அன்று அவன் மறுபடியும் வந்தபோது அக்கா, "அவர அணு அணுவா கொன்னுட்டு இப்ப என்ன பாக்க வந்த?" என்று கேட்டாள். அவன் உள்ளே வரவில்லை. எல்லோரும் கலையும்வரை கேட்டுக்கு வெளியே நின்றான். நான் போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தேன். வாங்கிக் குடித்துவிட்டு, "தேங்க்ஸ் மாமா" என்றான்.

அந்தத் தேங்க்ஸ்தான். வேறு எதையாவது நினைக்கலாம் என்று உட்கார்ந்தால் அதுதான் முதலில் வருகிறது.

மருமகன் எங்கள் அலுவலகத்தை விடாமல் கேட்டுக்கொண்டே இருந்ததால்தான் நீங்கள் பழைய படத்தைத் தேடி எடுத்திருக்கிறீர்கள். அட்டை உள்ளே வந்த அன்று கவுன்ட்டரில் எடுத்த படம். அதில் ஓரம் முழுசாக இருக்கிறது. படம் கிடைக்காவிட்டாலும் ஒருநாள் நானே சொல்லியிருப்பேன் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. சொல்லியிருக்க மாட்டேன்.

கத்தி எங்கிருந்து வந்தது என்று கேட்டீர்கள். லேபிள் வெட்டுவதற்கு எல்லா மேஜையிலும் ஒன்று இருக்கும். மதியம் எல்லோரும் சாப்பிட எழுந்துபோன பிறகு, இரும்பு ஸ்கேலை வைத்து ஒரே இழுப்பு. தலைமுடி அகலம்தான். சத்தம்கூட வரவில்லை. சீவிய துணுக்கு விரலில் ஒட்டிக்கொண்டது. குப்பைக்கூடையில் போட்டால் யாராவது பார்ப்பார்களோ என்று வாயில் போட்டு விழுங்கிவிட்டேன். வெட்டியதை எப்படியோ உங்களிடம் சொல்லிவிட்டேன். விழுங்கியதைச் சொல்லும்போதுதான் உங்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இப்போது நான் கீழே, மருமகனின் அறையில் இருக்கிறேன். அக்காதான் வரச் சொன்னாள். அத்தானின் சட்டைகளையும் கொடுத்தாள், வீணாகப் போகவேண்டாம் என்று. இன்றைக்குப் போட்டிருப்பதும் அவருடையதுதான். தோள் மட்டும் கொஞ்சம் தொளதொளவென்று இருக்கும்.

எழுதியதைக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். வேலை போகட்டும், வழக்குப் போடட்டும், மறுக்கமாட்டேன். அந்தப் பெண் எங்கே இருந்தாலும் தேடிப்பிடித்து, அவள் கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிடுங்கள். மருமகனிடம் சொல்வதை மட்டும் கொஞ்சம் தள்ளிப்போட முடியுமா என்று பாருங்கள். தெரிந்தால் அவன் நேராக அம்மாவிடம் ஓடிவந்துவிடுவான். அக்காவுக்கு முட்டி வலி, எழுந்து நடக்கவே கை கொடுக்க ஆள் வேண்டும். வேளாவேளைக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்க வேண்டும். எனக்காகக் கேட்கவில்லை. பாவம், என்னை விட்டால் அவளுக்கு யாருமே இல்லை.