ரெண்டு சோடா

எங்க துறையில பணிமனைன்னு சொல்லுவோம் மேடம். ஆசிரியர்களைக் கூட்டி வச்சு நடத்துற பயிற்சிக்கு அதுதான் பேரு. அன்னைக்குக் காலையில ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷன்ல இறங்கி, ஆட்டோக்காரர்ட்ட ‘அறிவியல் பணிமனைக்குப் போகணும்’னேன். அந்தப் புண்ணியவான் நேரா பஸ் டிப்போ வாசல்ல கொண்டு போய் இறக்கி விட்டுட்டாரு. அதுவும் பணிமனைதான். போர்டுலயே அப்படித்தான் எழுதியிருக்கு. அவர் மேல தப்பு சொல்ல முடியாது. ஒரு வார்த்தைக்கு ரெண்டு அர்த்தம் இருந்தா, கேக்கிறவன் தனக்குப் பழக்கமான அர்த்தத்தைத்தான் எடுத்துக்கிடுவான். இதைக் கொஞ்சம் மனசுல வச்சுக்கோங்க, பொறவு தேவைப்படும்.

நேத்து இதே போலீஸ் ஸ்டேஷன்ல நீங்க எழுதி வாசிச்சுக் காட்டின வாக்குமூலத்துல கையெழுத்துப் போட்டுட்டுத்தான் போனேன். வீட்டுக்குப் போயும் சோறு இறங்கல. அதுல ஒரு இடத்துல தப்பு இருக்கு. அதைத் திருத்தத்தான் திரும்பி வந்தேன்.

டீ வேண்டாம் மேடம். அந்த டம்ளர் விளிம்புல யாரோ வாய் வச்ச தடம் அப்படியே இருக்கு.

நடந்தது உங்களுக்குத் தெரியும். ஜெயபாய் டீச்சர் மதுரையில ஆஸ்பத்திரியில கிடக்காங்க. தொண்டை வெந்து போச்சு. வயித்துல ஓட்டை போட்டுக் குழாய் வழியாத்தான் கஞ்சி இறக்குறாங்க, இனிமே பேச்சு வர்றது சந்தேகம்னு டாக்டர் சொன்னதா நீங்கதான் சொன்னீங்க. அவங்க வீட்டுக்காரர் பொன்னுராஜை, பொண்டாட்டியைக் கொல்லப் பார்த்தான்னு அந்தா உள்ள உக்கார வச்சிருக்கீங்க. அவரு அழுற சத்தம் இங்க வரைக்கும் கேக்குது. மூக்கு ஒழுகுறதைச் சட்டைக் கையில துடைக்காரு, துடைச்ச கையாலேயே கும்பிடுறாரு. எனக்குப் பார்க்கச் சகிக்கல.

என்னைப் பத்திச் சொல்லிருறேன். இருளப்பசாமி, சொந்த ஊரு கான்சாபுரம். உயர்நிலைப் பள்ளியில அறிவியல் வாத்தியார். பணிமனை நடந்தா நான்தான் கருத்தாளர். அதாவது வாத்தியார்களுக்கு வாத்தியார். இத்தனை வருஷ சர்வீஸ்ல ஒரு பிள்ளையைக் கை நீட்டி அடிச்சதில்ல, பிரம்பைத் தொட்டதில்ல. எனக்குக் கோபம் வராது மேடம். அருவருப்புதான் வரும்.

நீங்க ஒரு நாள் பணிமனை நடக்கிற ஹாலுக்கு வந்து உக்காந்து பார்க்கணும். காலையில கையெழுத்துப் போட்டதும் பாதிப் பேருக்குக் கண்ணு வாசல்லயே இருக்கும். நான் சோதனைக்குழாயைப் பிடிச்சுக்கிட்டு நிப்பேன், முன் பெஞ்சுல ஒருத்தர் தீக்குச்சியால பல்லைக் குத்தி, குத்தினதை எடுத்துப் பார்த்துட்டுத் திரும்ப வாயிலயே போட்டுக்கிடுவாரு. நான் கையால எழுதி நகல் எடுத்துக் குடுத்த தாள்ல வடை எண்ணெயை ஒத்தி எடுப்பாங்க. மத்தியானம் சாப்பாட்டுப் பொட்டலம் பிரிச்சாச்சுன்னா ஹால் முழுக்க சாம்பார் வாடை, ஈ, ஏப்பம். அந்தக் கையைக் கழுவினமா கழுவலையான்னு தெரியாம வந்து பீக்கரைத் தொடுவாங்க. காரம்னு கரும்பலகையில எழுதினா இவங்களுக்கு மிச்சர் ஞாபகம் வந்து எச்சி ஊறும். இவங்கதான் ஊர்ப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் சொல்லிக் குடுக்காங்க.

ஜெயபாய் டீச்சர் அப்படி இல்ல. அதை நான் ஒத்துக்கிடணும். வந்தா முன்னாடி உக்காருவாங்க, கேள்வி கேப்பாங்க, கணீர்னு குரல். மைக் இல்லாம கடைசி பெஞ்சு வரைக்கும் கேக்கும். அவங்க கை சுத்தமா இருக்கும், நகம் வெட்டியிருப்பாங்க. கவனிச்சிருக்கேன்.

போன வருஷம் ராஜபாளையத்துல ஒரு பணிமனை. அமிலமும் காரமும் நடத்திக்கிட்டு இருக்கேன். ‘சோடாவை ஒரு துளி நாக்குல வச்சா கசக்கும், விரல்ல தேய்ச்சா வழுவழுன்னு இருக்கும், அதுதான் காரம். பிள்ளைகளையும் வீட்டுல செஞ்சு பார்க்கச் சொல்லுங்க’ன்னேன். வருஷக்கணக்கா இப்படித்தான் சொல்லிக்கிட்டு வாரேன், ஒருத்தரும் ஒண்ணும் சொன்னதில்ல. ஜெயபாய் டீச்சர் எந்திரிச்சாங்க.

‘சார், தப்பா நினைக்காதிய. எங்க ஊர்ல சோடான்னா ரெண்டு இருக்கு. பேண்டேஜ் துணியை வெளுக்கிறதுக்கு முந்தி காஸ்டிக் சோடா போட்டு அவிப்பாக. பட்டறையில வேலை பாக்கிறவுக அதையும் வெறும் சோடான்னுதான் சொல்லுவாக. எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான். பிள்ளைக வீட்டுல போயி சோடா குடுன்னு கேட்டு, அதை நாக்குல வச்சிட்டா வெந்து போயிருமே. ஆப்ப சோடான்னு சொல்லிருங்க சார். அதையும் நாக்குல வைக்கச் சொல்ல வேண்டாம்.’

நான் பதில் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதுக்குள்ள பின்னாடி இருந்து கௌதம்ராஜ்னு ஒரு பையன், வேலைக்கு வந்தும் மீசை முளைக்கல, ‘ஏலே, சாருக்கு மயக்கமா வருது, ஒரு சோடா உடைங்கலே’ன்னான். ஹாலே சிரிச்சுது. வாயில அரைச்ச வடையோட சிரிச்சாங்க மேடம். எனக்கு உள்ளே தெரிஞ்சுது. ஜெயபாய் டீச்சரும் வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சாங்க. பொறவு டீ குடிக்கிற இடத்துல வந்து, ‘மன்னிச்சுக்கோங்க சார், அவன் இப்படிப் பேசுவான்னு நினைக்கல’ன்னாங்க. நான் அதைப் பெருசா எடுத்துக்கிடல.

அன்னையில இருந்து நான் சோடா சார். ஆலங்குளத்துல ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன், பந்தியில உக்காந்திருக்கும்போது யாரோ ஒரு பொம்பளை வீட்டுக்காரர்ட்ட ‘இவியதான் சோடா சாராம்’னு சொல்லுது. இலையில பாயசம் ஊத்தியாச்சு. சாப்பிட முடியல. ஆனா அதுக்காக மனசுல ஒண்ணும் வச்சுக்கிடல. சின்ன மனுஷங்க சிரிக்கிறதுக்கெல்லாம் நான் வருத்தப்பட்டா, கருத்தாளர்னு சொல்லிக்கிட்டு என்ன அர்த்தம்.

இந்த வருஷம் ஸ்ரீவில்லிபுத்தூர்ல. காலையில நான் மளிகைக்கடை ஆப்ப சோடாவைத் தண்ணியில கரைச்சு வச்சு, எலுமிச்சைச் சாறுல ஊத்திக் காட்டினேன். பொசுபொசுன்னு நுரை வந்துச்சு. ‘இதுல கெடுதல் ஒண்ணும் இல்ல, குடிச்சுப் பாருங்க, புளிப்பு எம்புட்டுக் குறைஞ்சிருக்குன்னு நாக்கே சொல்லும்’னேன். ஓசியில கிடைச்சா பினாயிலையும் குடிப்பாங்கன்னு சும்மாவா சொன்னாங்க. முண்டி அடிச்சுக் குடிச்சாங்க. ஒருத்தர் வச்ச எச்சி டம்ளர்லயே இன்னொருத்தர். ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல. ஜெயபாய் டீச்சர் மட்டும் குடிக்கல, ஆனா மறுத்தும் பேசல. போன வருஷம் நடந்ததுல அவங்களுக்குச் சங்கடம் இருந்திருக்கும்.

சாயங்காலம் அவங்க குழு செஞ்சு காட்ட வேண்டிய முறை. மேஜையில வேற பாட்டில் இருந்துச்சு. ‘இது உங்க வீட்டுச் சோடா டீச்சர், உங்க வீட்டுக்காரர் வந்து குடுத்துட்டுப் போனாரு’ன்னேன். அவங்களுக்குச் சிரிப்பு. ‘அவுகளா? வீட்டுல உப்பு டப்பா எங்க இருக்குன்னு தெரியாது, ஆப்ப சோடாவை எப்படிக் கண்டுபிடிச்சாக’ன்னு கேட்டுக்கிட்டே சாறுல ஊத்தினாங்க. நுரை வரல.

அவங்க கவனிச்சாங்க மேடம். அந்த ஹால்ல கவனிச்ச ஒரே ஆளு அவங்கதான். ‘சார், காலையில மாதிரி நுரைக்கலையே’ன்னாங்க.

‘பழைய சோடாவா இருக்கும். உங்க வீட்டுச் சோடாவை நீங்களே நம்பலன்னா எப்படி? ஒரு மடக்குக் குடிச்சுட்டுச் சொல்லுங்க, கூட்டம் கலையட்டும்’னேன். வெளிய பஜ்ஜி வாசனை வர ஆரம்பிச்சிருந்துச்சு. ‘குடிங்க டீச்சர், டீ ஆறிப் போகும்’, ‘பால்கோவா வாங்கணும், பஸ்ஸைப் பிடிக்கணும்’னு பின்னாடி ஒரே சத்தம். அம்புட்டுப் பேரு முன்னாடி ரெண்டாவது தடவையும் என்னை மறுத்துப் பேச அவங்களுக்கு மனசு வரல. டம்ளரை எடுத்து மடமடன்னு குடிச்சிட்டாங்க.

அதுக்குப் பொறவு நடந்ததை அம்புட்டுப் பேரும் உங்ககிட்டச் சொல்லியிருப்பாங்க. கீழ விழுந்து தொண்டையைப் பிடிச்சுக்கிட்டாங்க. உதடெல்லாம் வெளுத்து உரிஞ்சு வந்துச்சு. யாரோ உப்புத் தண்ணி கரைச்சுக் குடுத்து, வாயில விரலை விட்டு வாந்தி எடுக்க வச்சாங்க. அது கூடாது. காரம் குடிச்சவங்களை வாந்தி எடுக்க வைக்கவே கூடாது, போன வழியிலயே திரும்பி வந்து இன்னொரு தடவை வேக வைக்கும். அத்தனை அறிவியல் வாத்தியார்ல ஒருத்தருக்கும் அது தெரியல. நான் சுவத்துப் பக்கமா நின்னு பார்த்துக்கிட்டு இருந்தேன். ஒருத்தராவது சொல்றாங்களான்னு செத்த நேரம் பார்த்தேன். அந்த வாந்தி என் செருப்பு மேல பட்டுச்சு. போய்க் கழுவிட்டு வர்றதுக்குள்ள ஆம்புலன்ஸ் வந்துருச்சு.

பாட்டில்ல இருந்தது காஸ்டிக், குடுத்தது பொன்னுராஜ். இது வரைக்கும் நீங்க எழுதினது சரி. இனிமே சொல்றது நீங்க எழுதாதது.

அவரா குடுத்து விடல. நான்தான் போன் போட்டுக் கேட்டேன். டீச்சர் ஹால்ல இருந்த நேரம் அது, அவங்களுக்குத் தெரியாது. பொன்னுராஜ் பட்டறையில வேலையில இருந்தாரு. அது தெரிஞ்சுதான் அந்த நேரத்துல கூப்பிட்டேன். ‘தம்பி, டீச்சர் பயிற்சிக்குக் கொஞ்சம் சோடா வேணும்’னேன். நல்ல மனுஷன், ஒரு தடவைக்கு ரெண்டு தடவை கேட்டாரு. ‘எந்தச் சோடா சார், நம்ம பட்டறைச் சோடாவா?’ ‘அதேதான் தம்பி, அமிலம் காரம் பாடம்’னேன். மேலாள்கிட்ட அனுமதி கேட்டுட்டு வண்டியை எடுத்துக்கிட்டு ராஜபாளையத்துல இருந்து அவரே வந்தாரு. ஒரு கவருக்கு ரெண்டு கவரா சுத்தியிருந்தாரு. ‘சார், கை பட்டாக்கூட புண்ணாயிரும், பாத்துக்கோங்க. அவகிட்டயும் சொல்லிருங்க’ன்னு சொன்னாரு. கூப்பிடட்டுமான்னு கேட்டேன். ‘வேண்டாம் சார், பாடம் கெட்டுரும்’னுட்டு வாசல்லயே நின்னு எட்டிப் பார்த்துட்டுப் போயிட்டாரு.

சார்ட்டச் சொல்லித்தான் குடுத்தேன்னு அவரு உங்ககிட்டத் தலையில அடிச்சுக்கிட்டு அழுதாரு. என்கிட்ட ஒண்ணுமே சொல்லலையேன்னு நான் சொன்னேன். நீங்க என்னை நம்பினீங்க. வாத்தியார் பொய் சொல்லுவாரா.

கவர்ல செதில் செதிலா இருந்த அந்தக் காஸ்டிக்கை நானே தண்ணியில கரைச்சேன். பாத்திரம் கொதிச்சுது. ஆறுற வரைக்கும் வச்சிருந்து, காலையில இருந்த மாதிரி பாட்டில்ல ஊத்தினேன். காலையில அத்தனை பேரையும் குடிக்க வச்சதே சாயங்காலம் ஒருத்தர் தயங்கக் கூடாதுங்கறதுக்காகத்தான். சோதனைன்னா எல்லாத்தையும் முன்கூட்டி யோசிச்சுத்தான் செய்யணும்.

இதையெல்லாம் இப்ப ஏன் சொல்றேன்னு பார்க்கிறீங்க. பொன்னுராஜுக்காக இல்ல. அவரை விட்டுருங்க, அந்த அழுகை எனக்குச் சகிக்கல, ஆனா வந்தது அதுக்கில்ல. நேத்து நீங்க எழுதினதுல, ‘கருத்தாளருக்கு இரண்டு சோடாவுக்கும் உள்ள வித்தியாசம் தெரியாத காரணத்தால்’னு ஒரு வரி வருது. என் மேல இரக்கப்பட்டுத்தான் எழுதியிருப்பீங்க. அந்தத் தாளு கோர்ட்டுக்குப் போகும், கல்வி அலுவலகத்துக்குப் போகும். கௌதம்ராஜ் வாசிப்பான். சோடா சாருக்குச் சோடாவே தெரியாதாம்னு திரும்பவும் வாயில வடையை வச்சுக்கிட்டுச் சிரிப்பாங்க. அதை மட்டும் என்னால தாங்க முடியாது மேடம். ‘தெரியாத காரணத்தால்’ங்கறதை அடிச்சுட்டு ‘தெரிந்தே’ன்னு போடுங்க. கொலை முயற்சின்னு என்ன பிரிவு வேணுமோ போட்டுக்கோங்க, கையெழுத்துப் போடுறேன்.

என்ன கேட்டீங்க? பட்டறையில காஸ்டிக்கைச் சோடான்னு சொல்லுவாங்கங்கறது கான்சாபுரத்துக்காரனுக்கு எப்படித் தெரியும், யார் சொல்லிக் குடுத்தாங்கன்னா?

யாரும் சொல்லித் தரல மேடம். எனக்கே தெரியும்.