யானைக்குக் காட்டாத பெர்மிட்

அக்கரைப்பற்றிலிருந்து கல்முனைக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இருவர். ஒருவர் புதிதாக நெல் ஆலை போட்ட ஹாஜியார். மற்றவர் வட்டவிதானை, வயல்களுக்கு நீரையும் யானைக் காவலையும் முறைவைத்துக் கொடுப்பவர். நிந்தவூர் தாண்டியதும் அவர் சொன்னதுதான் என் காதை இழுத்தது.

“இந்த முறை யானை எங்கட வயலுக்கு வரல்ல ஹாஜியார், அல்ஹம்துலில்லாஹ். நேரா உங்கட மில்லுக்குத்தான் வந்திச்சாம்.”

“சிரிக்காதீங்க விதானையார். மதிலை உடைச்சி, அஞ்சாறு மூடை நெல்லையும் திண்டுட்டுப் போயிட்டு. புடிச்சி வேற காட்டுல விடச் சொல்லி எழுதப் போறன்.”

“எங்க விட்டாலும் திரும்பி வரும். எங்கட வாப்பா காலத்துல இருந்தே அது குளத்துக்குப் போற வழி அதுதான். நீங்கதான் நடு வழியில மில்லக் கட்டினீங்க.”

“எல்லாக் கந்தோரிலயும் பெர்மிட் எடுத்துத்தான் கட்டினன்!”

“யானைக்கிட்டக் காட்டினீங்களா?”

பின்னால் யாரோ சிரித்தார்கள். ஹாஜியார் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

“அப்ப மில்லச் சுத்திக் கரண்ட் வேலி அடிக்கிறன்.”

“அடிங்க. அது வழி மாறி எங்கட வேளாண்மைக்குள்ள எறங்கும். அப்பிடியெண்டா காவல் பட்டியல்ல உங்கட பேரையும் போடுறன். வியாழக்கிழமை உங்கட முறை.”

“எனக்கு ஒரு துண்டு வயலும் இல்லையே!”

“யானை உங்கட நெல்லத் திண்டா நீங்களும் வயல்காரப் போடியார்தான்.”

சாய்ந்தமருது வந்தது. இறங்க எழும்பிய ஹாஜியார் மெல்லக் கேட்டார்: “காவலுக்கு வரக்குள்ள என்ன கொண்டு வரணும்?”

“யானை வெடி எங்கட்ட இரிக்கி. நீங்க அந்தப் பெர்மிட்டக் கொண்டு வாங்க.”